சின்னக் கோச்சிக்குப் போட்ட பாதை

பியாட்றிஸ் செல்வத்துரை உயரமான பெண். அச்சுவேலியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓடுகிற மினிபஸ்ஸின் கூரையோ மிகவும் தாழ்வு. பதினொரு வருடமாக இந்த இரண்டுக்கும் நடுவில் அவளுடைய கழுத்து அகப்பட்டிருந்தது. இருக்க இடம் கிடைக்காத நாட்களே அதிகம். அந்த நாட்களில் தலையை ஒரு தோளில் சாய்த்து, முழங்கையை முன்பின் தெரியாத ஒருவரின் முதுகில் ஊன்றியபடி நின்றே போவாள். திட்டமிடல் அலுவலகத்தில் படம் வரையும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகும் அரை மணித்தியாலத்துக்குக் கழுத்து நேரே வராது. அவளுக்கு முப்பத்தேழு வயது. கலியாணம் செய்யவில்லை. அக்கா ஐரிஸின் வீட்டில் ஓர் அறையில் இருந்தாள்.

எண்பத்தேழாம் ஆண்டு ஓகஸ்டில் சண்டை நின்றது. நின்றதாகத்தான் எல்லோரும் நம்பினார்கள். அழிந்ததைக் கட்டியெழுப்ப யோசனைகள் இருந்தால் ஒக்டோபர் முடிவுக்குள் எழுதி அனுப்பும்படி கொழும்பில் ஒரு குழு கேட்டிருந்தது. அந்தக் கடிதம் வந்த அன்றே பொறியியலாளர் பஞ்சலிங்கம் தன் மேசை இலாச்சியின் பூட்டைத் திறந்து, மஞ்சளாகிப்போன ஒரு கட்டுக் கடதாசியை வெளியே எடுத்தார். படிப்புக்காக ஒன்பது மாதம் ஜேர்மனியில் இருந்தபோது அவர் தினமும் ட்றாமில் வகுப்புக்குப் போனவர். திரும்பி வந்து, யாழ்ப்பாணத்துக்கும் அப்படியொன்று வேண்டும் என்று பதினான்கு பக்கம் எழுதினார். அதை மேலே அனுப்ப நினைத்த நேரம் எண்பத்துமூன்று ஆடிக் கலவரம் வந்துவிட்டது. பிறகு அதைப்பற்றிக் கதைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

அவர் பியாட்றிஸைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். பருத்தித்துறை வீதியை அகட்ட முடியாது. இரண்டு பக்கமும் வீடும் மதிலும் கோயிலும். ஆனால் அந்த வீதி ஓரத்தில் இரண்டு தண்டவாளம் போட்டு, மின்சாரத்தில் ஓடும் மூன்று பெட்டியை விட்டால், பத்து மினிபஸ் ஏற்றுகிற சனத்தை அது ஒரே தடவையில் ஏற்றிவிடும். டீசல் வரவில்லை என்று நிற்காது. ஆள் நிறையட்டும் என்று காத்துக்கொண்டிராது. வருகிற நேரம் தெரிந்தால் மனிசர் தங்கள் நாளைத் தாங்களே ஆளலாம். கடைசியாகச் சொன்னது பியாட்றிஸின் மனதில் பதிந்தது. கரன்ட் நின்றால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டாள். அதற்கும் அவரிடம் ஒரு பக்கத்தில் பதில் இருந்தது.

முதல் கட்டம் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தூர்வரை. எத்தனை சனம் போய்வருகிறது என்ற கணக்கு வேண்டியிருந்தது. பியாட்றிஸ் நான்கு நாள் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை இருபாலைச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு வெளியே கிடந்த மரவாங்கில் இருந்து, போகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டாள். ஒரு காலையில் மூவாயிரத்து எண்ணூற்று எழுபது சைக்கிள். ஐம்பத்தெட்டு மினிபஸ்ஸும் தட்டிவானும். அரசாங்க பஸ் ஆறு. கேட்டது இந்த எண்ணிக்கை மட்டும்தான். ஆனால் அவள் கடதாசியின் ஓரத்தில் வேறு விஷயங்களையும் எழுதிக்கொண்டாள். ஒரே சைக்கிளில் இரண்டு தாதிமார், பின்னுக்கு இருப்பவள் நித்திரை தூங்குகிறாள். கரியரில் மூன்று வாழைக்குலை கட்டிய ஒருவர் எதிர்க்காற்றுக்கு இறங்கி உருட்டுகிறார். வெள்ளைச் சட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தியை நான்கு மினிபஸ் ஏற்றாமல் போகின்றன. ஐந்தாவது வரும்போது அவள் அழுதுகொண்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடக்கிறாள்.

நீர்வேலி வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். முப்பது பேரளவில் வந்திருந்தார்கள். இலகு ரயில் என்று பஞ்சலிங்கம் திரும்பத் திரும்பச் சொல்ல, சனம் அதற்குத் தானாகவே சின்னக் கோச்சி என்று பெயர் வைத்துவிட்டது. நீர்வேலியில் வீதி ஒரு கோயில் மதிலோடு முறுகித் திரும்பும் இடத்தில் தண்டவாளம் வளைய வழியில்லை. அதனால் பாதை வீதியை விட்டு விலகி, பின்பக்கத் தோட்டங்களுக்குள்ளால் பன்னிரண்டு அடி அகலத்தில் போய், சிறுப்பிட்டிக்குக் கிட்ட மறுபடியும் வீதியைப் பிடிக்கும். அந்தத் தோட்டங்களில் பெரியது சிவசுப்பிரமணியத்தின் வாழைத்தோட்டம்.

அவர் ஐம்பத்தைந்து வயது ஆள், கறுவல், மெதுவாகக் கதைப்பவர். எல்லோரும் கதைத்து முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு எழும்பினார்.

"பிள்ளை, நான் இளந்தாரியா இருக்கேக்கை கொழும்பிலை ட்றாமிலை போனனான். நல்ல சாமான். நல்ல சாமான் எண்ட படியாத்தான் சொல்லுறன், உது இஞ்சை வராது. வராத ஒண்டுக்காக நான் வாழையை வெட்டேலாது."

கூட்டம் சிரித்தது. பஞ்சலிங்கத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்போது பெண்கள் பக்கத்தில், சுவரோடு போட்ட கதிரையில் இருந்த ஒருவர் கையை உயர்த்தினார். சிவசுப்பிரமணியத்தின் மனைவி பூரணம். இருதயம் பலவீனம் என்று ஒவ்வொரு செவ்வாயும் யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக்குக்குப் போகிறவர். கால்கள் வீங்கி, செருப்பு வார் பதிந்துபோயிருந்தன.

"உதிலை ஏறுறதுக்குப் படி எவ்வளவு உயரம்?" என்று கேட்டார்.

பஞ்சலிங்கத்திடம் பதினான்கு பக்கம் இருந்தது; இதற்கு அதில் பதில் இல்லை. பூரணம் தானே விளக்கினார். மினிபஸ்காரருக்கு இப்போது அவரை முகம் தெரியும். அவர் ஏற நேரமெடுக்கும் என்பதும் தெரியும். அதனால் அவரைக் கண்டதும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். விடிய ஆறு மணிக்கு வீதிக்கு வந்தால் சில செவ்வாய் ஒன்பது மணிக்கும் அங்கேயே நிற்பார். போன மாதம் இரண்டு செவ்வாய் போகாமலே விட்டுவிட்டார்.

அடுத்த நாள் பியாட்றிஸ் மினிபஸ்ஸின் படியை மடிப்பு அடிமட்டத்தால் அளந்தாள். நிலத்திலிருந்து பத்தொன்பது அங்குலம். கொண்டக்டர் அவளுக்கு விசர் என்று நினைத்திருப்பான். அன்று மாலை அலுவலகத்தில் எல்லோரும் போன பிறகு தனியாக ஒரு தாளில் நீர்வேலி நிறுத்தத்தை வரைந்தாள். சாய்வாக ஏறிப் போகும் ஒரு சிறு மேடை; மேடையும் பெட்டியின் தளமும் ஒரே மட்டம்; குடை பிடித்த ஒரு பெண் கால் உயர்த்தாமல் அப்படியே உள்ளே நடந்து போகிறாள். படவரைஞர் வேலையில் ஆட்களை வரைவது வழக்கமில்லை. தேவைக்கு ஒரு குச்சி உருவம் போடுவார்கள். இவளோ அந்தப் பெண்ணின் சேலை மடிப்புவரைக்கும் வரைந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு நீர்வேலிக்குப் போனாள். பூரணம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தான்தானோ இது என்று கேட்டார். ஓம் என்றாள் பியாட்றிஸ். பூரணம் சிரிக்கவில்லை. விரலால் அந்த மேடையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிப் பார்த்தார், உண்மையிலேயே எங்காவது ஒரு படி ஒளிந்திருக்கிறதோ என்று தேடுவதுபோல. சிவசுப்பிரமணியம் கிணற்றடியில் நின்று இறைப்பு மெசினுக்கு என்னவோ செய்துகொண்டிருந்தார். இந்தப் பக்கம் வரவில்லை.

மூன்று நாள் கழித்து அளக்கப் போனபோது அவர் படலையைத் திறந்துவிட்டு அலவாங்கோடு நின்றார். உங்கள் கோடு என்னுடைய கிணற்றைக் கொண்டுபோகும், ஆறு அடி தெற்காலே தள்ளினால் கிணறு தப்பும், தள்ள ஏலுமோ என்று கேட்டார். ஏலும் என்றாள். வேறு கதை ஒன்றும் இருக்கவில்லை. அன்று பூராவும் அவரே அலவாங்கால் குத்தி, முளைகளுக்கு நிலத்தில் துளை போட்டுக் கொடுத்தார்.

இன்னும் அனுமதி வந்திருக்கவில்லை. யோசனையை அனுப்பிய பிறகு குழு வந்து பார்க்கும்போது பாதை நிலத்தில் தெரியவேண்டும் என்று பஞ்சலிங்கம் அவசரப்பட்டார். கடிதத்தைப் பிறகு எடுக்கலாம் என்றார். கோப்பாயிலிருந்து புத்தூர்வரை நாற்பத்துமூன்று பனங்கட்டை முளைகள் அடித்தார்கள். தலையில் வெள்ளை மை, அதன்மேல் சிவப்பில் ஓர் எண்ணும் ஓர் அம்புக்குறியும். சிவசுப்பிரமணியத்தின் தோட்டத்தில் ஒன்பது நின்றன. பின்பக்கத்து ஒழுங்கைகள், மதகுகள், கிணறுகள், வரம்புகள் எல்லாவற்றையும் பியாட்றிஸ் காலால் நடந்து அளந்து, அகலத்தை அடிக்கணக்கில் படத்தில் குறித்தாள். அவள் தன் வாழ்நாளில் வரைந்த படங்களில் அதுதான் திறம். அதை அவளே அறிந்திருந்தாள். அந்த இரண்டு மாதமும் மினிபஸ்ஸில் கழுத்துச் சரித்து நின்றபோதுகூட, இது இன்னும் கொஞ்சக் காலத்துக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

ஒக்டோபரில் சண்டை மறுபடியும் தொடங்கியது. இந்தமுறை வேறு படை, அமைதி காக்கவென்று கடல் கடந்து வந்த படை; வேறு துவக்கு. செல் விழுகிற சத்தம் மட்டும் பழையது. ஐரிஸின் குடும்பத்தோடு பியாட்றிஸ் அச்சுவேலியில் தேவாலயத்துக்குள் பத்தொன்பது நாள் இருந்தாள். திட்டமிடல் அலுவலகம் எரிந்துபோனது என்று அங்கேதான் கேள்விப்பட்டாள். ஊரடங்கு பகலில் தளர்ந்த முதல் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு நீர்வேலிக்குப் போனாள். ஏன் முதலில் அங்கே போகவேண்டும் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பூரணம் விறாந்தையில் நிலத்தில் இருந்தார். கால்கள் முன்னையிலும் வீங்கியிருந்தன. முகம் சாம்பல் நிறம்.

"இவரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்றார். "பன்ரண்டு நாளாச்சுது."

வாழைத்தோட்டத்துக்குள் படையினர் வந்தபோது முளைகளைக் கண்டார்கள். எண்ணும் அம்புக்குறியும் போட்ட கட்டைகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணி வெடி புதைத்த இடத்துக்கு அடையாளமோ, ஆட்கள் போகிற வழிக்கு அடையாளமோ என்று கேட்டார்கள்.

"ஒவ்வொரு கட்டையாக் காட்டிக் காட்டி இதென்ன இதென்ன எண்டு கேட்டவங்கள். கோச்சி வரப்போகுது எண்டு இவர் சொன்னார். கேட்டுச் சிரிச்சவங்கள். பிறகு சிரிக்கேல்லை. கட்டை முழுக்கப் புடுங்கி அதிலையே போட்டு எரிச்சுப்போட்டு, இவரை ஏத்திக்கொண்டு போட்டாங்கள்."

பூரணம் அவளைக் குறை சொல்லவில்லை. தேத்தண்ணி போட எழும்பப் பார்த்தார். பியாட்றிஸ் அவரை இருத்திவிட்டுத் தானே அடுப்படிக்குப் போனாள். அங்கே சுவரில் அந்த நிறுத்தத்தின் படத்தைச் சோற்றுப்பசையால் ஒட்டியிருந்தார்கள். அவள் அதைப் பார்க்காமல் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள்.

அங்கிருந்து நேரே நல்லூருக்கு, பஞ்சலிங்கத்தின் வீட்டுக்குப் போனாள். இது அரசாங்க அலுவலக வேலை, அந்த மனிசன் நிலம் காட்டினதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று ஒரு கடிதம் தந்தால் போதும், தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னாள். அவர் முகம் சவரம் செய்யாமல் இருந்தார். வீட்டுக்குள் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. மனைவி வாசற்படியில் நின்று இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எழுத்திலை ஒண்டுமில்லை, பியாட்றிஸ். அனுமதி இல்லாமல் கட்டை அடிச்சது நான். கடிதத்திலை கையெழுத்து வைச்சா அடுத்த ஜீப் இஞ்சைதான் வரும்" என்றார்.

"அந்த ஆளுக்காகக் கதைக்க வேறை ஒருத்தரும் இல்லை, சேர்."

அவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் பெரிய படச்சுருள் இருந்தது. அலுவலகம் எரிவதற்கு முதல் வாரம் வீட்டில் வைத்து வேலை செய்யக் கொண்டுவந்ததாம். இனி மிஞ்சியிருக்கும் பிரதி அது ஒன்றுதான். கடிதம் தரமாட்டேன், வேண்டுமென்றால் இதைக் காட்டு என்று சொல்லி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கினாள். அவர்மேல் கோபம் வருமென்று வழி முழுக்க எதிர்பார்த்தாள்; களைப்புத்தான் வந்தது. சந்தியால் திரும்பும்போது, அந்தக் கட்டைகளுக்கு எண் எழுதியது தன் கை என்ற நினைப்பு வந்தது.

சிவசுப்பிரமணியத்தை வைத்திருந்த முகாம் முன்பொரு காலம் பள்ளிக்கூடமாக இருந்தது. வாசலில் இரண்டு நாள் நின்றாள். ஆட்களைத் தேடி வந்த வேறு பெண்களும் நின்றார்கள். மூன்றாம் நாள் காலை அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரி நாற்பது வயதுக்காரர். பியாட்றிஸுக்கு மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் கைகொடுத்தது. ஆசிரியர் மேசைமேல் படத்தை விரித்தாள். ஒரு மூலை சுருண்டு சுருண்டு எழும்ப, அவர் தன் தேத்தண்ணிக் கோப்பையை அதன்மேல் வைத்தார். விரலைக் கோப்பாயில் வைத்து மெல்லமாகப் புத்தூர்வரை கொண்டுபோனார். இதில் யார் ஏறுவார்கள் என்று கேட்டார்.

அவள் சொன்னாள். இருபாலைச் சந்தியில் எண்ணியதைச் சொன்னாள். நித்திரை தூங்கிக்கொண்டு போன தாதியை, நான்கு மினிபஸ் விட்டுவிட்டுப் போன பள்ளிக்கூடப் பிள்ளையை, காற்றுக்கு இறங்கி உருட்டிய வாழைக்குலைக்காரரைச் சொன்னாள். பிடிபட்டவரின் மனைவி படி எவ்வளவு உயரமென்று கேட்டதையும், மினிபஸ்ஸின் படி பத்தொன்பது அங்குலம் என்பதையும் சொன்னாள். இதையெல்லாம் முழுவதாக ஒருவர் பொறுமையோடு கேட்டது அதுதான் முதல் தடவை என்பது கதைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு உறைத்தது.

எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வரும் என்று அவர் கேட்டார். பன்னிரண்டு நிமிடம் என்றாள். அவர் தலையாட்டினார். தன்னுடைய நகரத்தில் ட்றாம் ஓடுகிறது, எழுபது வயதில் தன் தாயார் இன்றும் அதில்தான் சந்தைக்குப் போகிறார் என்றார். அது நின்றுபோகும் நாட்களில் வீட்டைவிட்டு வெளியே வர ஏலாத கிழடுகளும் நோயாளிகளும் அந்த ஊரில் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் தெரியவரும் என்றார். அவர் தன்னை நம்பிவிட்டார் என்று பியாட்றிஸ் கண்டுகொண்டாள். நாளைக்கு அந்த ஆளை விடுவதாகச் சொன்னார்.

அவள் நன்றி சொல்லிவிட்டுப் படத்தைச் சுருட்டக் கையை வைத்தாள். அவர் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

இது இங்கே இருக்கட்டும் என்றார்.

வேறு பிரதி இல்லை என்று அவள் சொன்னாள். அவருடைய கண் படத்தில் இருந்தது. சிவப்புக் கோட்டில் அல்ல. கோட்டுக்கு இரண்டு பக்கமும் அவள் பொடி எழுத்தில் குறித்திருந்த ஒழுங்கைகளில், மதகுகளில், அகலங்களில் இருந்தது. எந்த ஒழுங்கை எந்த வீட்டுப் பின்வேலியில் முடிகிறது, எந்த மதகு எத்தனை அடி என்று ஊரில் பிறந்தவர்களுக்கே முழுவதாகத் தெரியாது. அவள் நடந்து நடந்து அளந்திருந்தாள். என்ன நடக்கப்போகிறது என்று அந்த நேரமே அவளுக்கு விளங்கியது. பிறகு எத்தனையோ தடவை, விளங்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது பொய். விளங்கித்தான் கையை எடுத்தாள்.

சிவசுப்பிரமணியம் அடுத்த நாள் வீட்டுக்கு வந்தார். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. இடது காது கேட்கவில்லை. பியாட்றிஸ் போனபோது அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பூரணம் காலடியில் இருந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். நீ செய்த உதவியை மறக்கமாட்டோம் என்று பூரணம் அவளுடைய கையைப் பிடித்துச் சொன்னபோது, தலையை நிமிர்த்த முடியாமல் நின்றாள்.

பத்து நாள் போகவில்லை. கோப்பாய்ப் பக்கமிருந்து படை ஆட்கள் கத்தியோடும் கோடரியோடும் வந்து, தோட்டங்களுக்குள்ளால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போனார்கள். சிவசுப்பிரமணியத்தின் வாழைகள் குலையோடு சரிந்தன. இருநூற்றுக்கு மேல் இருக்கும். வீதியில் போகாமல் பின்னாலே புத்தூருக்குப் போக லொறிகளுக்கு அது வழியாகிவிட்டது. பன்னிரண்டு அடியாக இருந்தது மழைக்குச் சேறாகிச் சேறாகி இருபது அடியானது. ரோந்துக்காரர் இப்போது வீட்டு வாசலால் வருவதில்லை. ஒருநாளும் வெளியாள் காலடி வைக்காத பின்வேலிப் பக்கத்தால் வந்தார்கள். அப்படி வந்து, ஒழுங்கை முடிவில் உள்ள வீட்டில் குளித்துக்கொண்டு நின்ற இரண்டு சகோதரரைக் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. எப்படி இந்த ஒழுங்கை தெரிந்தது என்று ஊர் கதைத்தது. யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்றது. அந்த யாரோவைப் பற்றி மினிபஸ் திரும்ப ஓடத் தொடங்கிய நாட்களில் அதற்குள் நின்றபடி பியாட்றிஸ் தன் காதாலேயே கேட்டாள்.

பூரணம் தை மாதத்தில் செத்துப்போனார். பதின்மூன்று செவ்வாய் அவர் கிளினிக்குக்குப் போகவில்லை. ஓடிய ஒன்றிரண்டு மினிபஸ்ஸில் இளம் ஆட்களே தொங்கிக்கொண்டு போனார்கள். காருக்குப் பெற்றோல் இல்லை. மூச்சு இழுக்கத் தொடங்கிய வியாழக்கிழமை காலை பக்கத்து வீட்டு மாட்டு வண்டிலில் ஏற்றினார்கள். கோப்பாய்ச் சந்தியில் மறித்து வைத்திருந்த வாகனங்களுக்குப் பின்னால் வண்டில் நின்றது. இனி முன்னுக்குப் போகத் தேவையில்லை என்று ஆனபோது சிவசுப்பிரமணியம் மாட்டைத் திருப்பச் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தது. அதற்கு அடுத்த நாள் மத்தியானம் பியாட்றிஸ் அங்கே போனாள். விறாந்தையில் அவர் தனியாக, இடது கையால் ஒரு கயிற்றைத் திரித்துக்கொண்டு இருந்தார். பின்பக்கத்தில் லொறி ஒன்று உறுமிக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை அவள் நின்றாள். பிறகு அவருடைய வலது காதுப் பக்கம் போய் இருந்துகொண்டு, முகாமில் படத்தை வைத்துவிட்டு வந்தது தான்தான் என்று சொன்னாள். ஒழுங்கைகள் எல்லாம் அதில் இருந்தன என்றும் சொன்னாள்.

"தெரியும்" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள்.

"கட்டையளை என்னைப் பிடிச்ச அண்டைக்கே அவங்கள் எரிச்சுப்போட்டாங்கள். பிறகு வெட்ட வந்தவங்கள் சரியாக் கிணத்தை விட்டிட்டு ஆறடி தள்ளி வெட்டினவங்கள். ஆறடி தள்ளினது உங்களுக்கும் எனக்கும் உங்கடை படத்துக்கும் மட்டுந்தானே தெரியும்."

"அப்ப ஏன் அண்ணை ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

அவர் கயிற்றை மடியில் வைத்தார். கோபிக்கப்போகிறார், எழும்பிப் போகச் சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்கள் வந்திராட்டி நான் அங்கை செத்திருப்பன். நீங்கள் வந்திராட்டி அந்தப் பெடியள் ரெண்டு பேரும் இருந்திருப்பாங்கள். இதை ரெண்டையும் ஒரே நேரத்திலை நினைக்க எனக்கு ஏலாமக் கிடக்கு, பிள்ளை. ஒண்டை நினைச்சா மற்றதை மறக்கவேண்டிக் கிடக்கு. மனிசி இருந்திருந்தா அவவிட்டைக் கேட்டிருப்பன்."

மறுபடியும் கயிற்றைக் கையில் எடுத்தார். சாப்பிட்டீங்களோ என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். நேற்றைய சமையலில் மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்து மூடி வைத்திருந்தார். இரண்டு பேரும் அதைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. அவரும் ஆளனுப்பவில்லை.

அலுவலகம் வாடகை வீடு ஒன்றில் திரும்பத் தொடங்கியது. பியாட்றிஸ் அங்கே பொதுக் கிணறுகளுக்கும் கழிப்பறைகளுக்கும் படம் வரைந்தாள். அந்த வருடம் ஆனி மாதத்தில் கனடாவிலிருந்து பஞ்சலிங்கத்தின் கடிதம் வந்தது. குளிரைப் பற்றியும், தான் தினமும் ட்றாமில் வேலைக்குப் போவதைப் பற்றியும் எழுதியிருந்தார். அங்கே ஒரு பேராசிரியர் யாழ்ப்பாணத் திட்டத்தைக் கேட்டு ஆச்சரியப்பட்டாராம். படத்தின் பிரதி எங்கேயாவது தப்பியிருக்கிறதா, எண்ணிய கணக்காவது இருக்கிறதா, இருந்தால் யாராவது வருகிறவரிடம் கொடுத்தனுப்பும்படி கேட்டிருந்தார். சிவசுப்பிரமணியத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கவில்லை.

அவள் இரண்டு வாரம் கடிதத்தைக் கைப்பையில் கொண்டு திரிந்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை ஐரிஸின் மேசையில் இருந்து பதில் எழுதினாள். படம் இல்லை என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. பூரணம் செத்துப்போனதை எழுதவேண்டும்போல் இருந்தது. எழுதப் போகும்போதுதான், வாசிகசாலையில் கையை உயர்த்திய அந்தப் பெண்ணின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திராது என்ற நினைப்பு வந்தது. ஆகவே அவர் யார், எந்த ஊர், என்ன வருத்தம், செவ்வாய்க்கிழமைகளில் எத்தனை மணிக்கு வீதிக்கு வந்து நிற்பார் என்று முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. அந்த இரண்டு சகோதரரின் பெயரையும் எழுதினாள். ஏழு பக்கம் வந்தது. திங்கட்கிழமை தபாலில் போட்டாள். அதற்குப் பதில் வரவில்லை.